தாஜ் ஓட்டலும் மாமாவின் ரெண்டு ஏக்கரும்

சின்னதா ஒரு டெஸ்ட். 'ஓட்டல்'னு சொன்னதும் உங்க மனசுல டக்குனு என்ன வருது? புரோட்டாவும் சால்னாவும்தானே? அப்ப நீங்க நம்ம ஆளு. கை குடுங்க!

எங்க பாளையம்பட்டியில் ஓட்டல்னா சாப்பிடுற இடம். தங்குற இடம்னா அதுக்குப் பேரு லாட்ஜ். அருப்புக்கோட்டைக்கு ஒட்டின மாதிரி இருக்கிற ஊர் இது. தறி, நூல், கரிசல் மண், வெயில் எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். மழை மட்டும் எப்பவும் 'நோ ஸ்டாக்'. இந்த ஊரில் உட்கார்ந்துகிட்டு, செமஸ்டருக்குப் படிக்காமல், ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தாஜ் ஓட்டல் வரலாற்றை நான் ஏன் படிச்சேன்? எல்லாம் எங்க மாமாவால் வந்தது.

மாமா துபாயில் ஒரு நட்சத்திர ஓட்டலில் பதினாலு வருஷம் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தவர். பெட்ஷீட் விரிச்சார்னா ஒரு சுருக்கம் இருக்காது. வீட்டுல கோரைப்பாயைக்கூட மூலை மடிச்சுத்தான் போடுவார். இந்த வருஷம் 'போதும்டா சாமி'னு ஊருக்கே வந்துட்டார். வந்த கையோட ஒரு குண்டைப் போட்டார். நாலு வழிச்சாலை வந்த பிறகு விலை ஏறிப்போன தாத்தாவோட ரெண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தை வித்துடணுமாம். அந்தக் காசில் டவுனுக்குள்ளே இடம் வாங்கி, பேங்க் லோன் போட்டு, இருபது ரூம் லாட்ஜ் கட்டணுமாம்.

அம்மாச்சி ஒரே வார்த்தையில் 'முடியாது'ன்னுட்டாங்க. "உங்க அப்பா மொளகாயும் பருத்தியும் போட்ட மண்ணுடா அது. அதை வித்து எவனோ வந்து படுத்து எந்திரிக்கக் கட்டடம் கட்டப் போறியா?" ரெண்டு நாள் வீட்டுல யாரும் யார்கூடவும் பேசலை. மூணாவது நாள் மாமா என் பக்கம் திரும்பினார். நான் சிவில் மூணாம் வருஷம்.

"என்னம்மா இன்ஜினீயரு, நீ கணக்குப் போட்டுச் சொல்லு. லாட்ஜ் கட்டலாமா, வேணாமா?"

பெரிய ஓட்டல்காரங்க எப்படிக் கட்டுறாங்கன்னு பார்த்துட்டுப் பதில் சொல்லலாம்னு உட்கார்ந்தேன். அங்கேதான் முதல் ஷாக். பெரிய ஓட்டல்காரங்க பலர் கட்டுறதே இல்லை பாஸ்!

அமெரிக்காவின் மாரியட் கம்பெனியை எடுத்துக்குங்க. 1927-ல் வாஷிங்டனில் ஒன்பது ஸ்டூல் போட்ட ஒரு குளிர்பானக் கடையாகத்தான் ஆரம்பம். முதல் தங்கும் விடுதி திறக்க 1957 ஆச்சு. அப்புறம் வரிசையாகக் கட்டிக்கிட்டே போனாங்க. 1990 வாக்கில் ரியல் எஸ்டேட் படுத்ததும், கடனோடு கட்டடங்கள் கழுத்தை நெரிச்சது. 1993-ல் கம்பெனியை ரெண்டாகப் பிரிச்சாங்க. கட்டடமும் கடனும் பெரும்பாலும் ஒரு கம்பெனிக்கு. பேரும் நிர்வாகமும் இன்னொரு கம்பெனிக்கு. ரெண்டாவதுதான் இன்னிக்கு நாம பார்க்கிற மாரியட் இன்டர்நேஷனல். அந்தப் பேர்ப்பலகை தொங்குற கட்டடங்களில் மிகப் பெரும்பாலானவை வேற யாரோ ஒருத்தருக்குச் சொந்தம்.

'சரி, அது அமெரிக்கா. நம்ம ஊர்க் கதை என்ன?'னு தாஜ் பக்கம் திரும்பினேன்.

ஜாம்ஷெட்ஜி டாடா பம்பாயில் தாஜ் மஹால் பேலஸ் ஓட்டலைத் திறந்தது 1903 டிசம்பரில். ஏதோ வெள்ளைக்கார ஓட்டலில் அவரை உள்ளே விடலை, அந்தக் கோபத்தில் கட்டினார்னு ஒரு சூப்பர் ஸ்டார் பட ஃப்ளாஷ்பேக் மாதிரி கதை சுத்துது. அதை நம்பாத ஆராய்ச்சியாளர்களும் இருக்காங்க. ஆனா இந்த விஷயம் உறுதி: எல்லாரும் போட்டோவில் ஓட்டலுக்கு முன்னாடி பார்க்கிற கேட்வே ஆஃப் இந்தியா, ஓட்டல் திறந்து இருபது வருஷத்துக்குப் பிறகு, 1924-ல்தான் முழுசாச்சு. தாஜுக்கு அது தம்பி! ஓட்டல் திறந்த அடுத்த வருஷமே, 1904 மே மாசம், ஜாம்ஷெட்ஜி இறந்துட்டார்.

அதுக்கப்புறம் கிட்டத்தட்ட எழுபது வருஷம் தாஜ்னா அந்த ஒரே ஓட்டல்தான். இப்ப ஒரு ஸ்டார்ட்-அப்காரர் மூணு வருஷத்தில் நூறு கிளைங்கிறார். இவங்க எழுபது வருஷம் ஒரே கட்டடத்தைத் துடைச்சுத் துடைச்சு வெச்சிருந்தாங்க!

1970-களின் தொடக்கத்தில்தான் வண்டி கிளம்புது. எப்படித் தெரியுமா? உதய்பூர் ஏரி நடுவுல இருக்கிற லேக் பேலஸ், ஜெய்ப்பூர் ராம்பாக் பேலஸ்னு ராஜ குடும்பங்களோட அரண்மனைகளை நிர்வாகத்துக்கு எடுத்தாங்க. 1971-ல் மன்னர் மானியம் ரத்தாச்சு. அரண்மனை இருக்கு, அதைப் பராமரிக்க மகாராஜாக்கள்கிட்ட காசு இல்லை. தாஜ்கிட்ட ஓட்டல் நடத்துற வித்தை இருக்கு. 'அரண்மனை உங்களுது, நடத்துறது நாங்க'ன்னு டீல் முடிஞ்சது.

நம்ம தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 1974-ல் சென்னையில் தாஜ் கோரமண்டல் வந்தது. அதோட சொந்தக்காரர் ஓரியண்டல் ஓட்டல்ஸ்னு ஒரு தனிக் கம்பெனி. தாஜை நடத்துற இண்டியன் ஓட்டல்ஸ் கம்பெனிக்கு அதில் ஒரு பங்கு உண்டு, அவ்வளவுதான். மதுரைக்காரங்க 'தாஜ்'னு கை காட்டுற பசுமலை கேட்வே ஓட்டலும் அதே ஓரியண்டல் கணக்கில்தான் வருது. பேரு ஒருத்தருது, கட்டடம் இன்னொருத்தருது!

இதைப் படிச்சப்ப எனக்கு எங்கேயோ பார்த்த மாதிரியே இருந்தது. அட, இது நம்ம வாரம்!

கரிசக்காட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவங்களுக்காக: நிலம் ஒருத்தருக்குச் சொந்தம். உழைக்கிறது இன்னொருத்தர். விளைஞ்சதைப் பங்கு போட்டுக்குவாங்க. தாத்தாவுக்குப் பிறகு எங்க ரெண்டு ஏக்கரையும் அப்படித்தான் விட்டிருக்கு. எம்.பி.ஏ. புத்தகத்தில் 'அசெட் லைட்'னு கோட் சூட் போட்டு உட்கார்ந்திருக்கிறதும் எங்க ஊர் வரப்பில் வேட்டி கட்டி நிக்கிறதும் தூரத்துச் சொந்தக்காரங்கதான்.

ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. மழை பொய்ச்சுட்டா எங்க ஊரில் அடி வாங்குறது வாரக்காரர். விதையும் போச்சு, உழைப்பும் போச்சு. நிலக்காரருக்கு வருமானம் வராது, ஆனா நிலம் அங்கேயேதான் கிடக்கும். ஓட்டல் தொழிலில் இது தலைகீழ். நடத்துற கம்பெனிக்கு மொத்த வசூலில் ஒரு சதவீதம், அப்புறம் லாபத்தில் ஒரு பங்குன்னு கட்டணம் போகும். நஷ்டமே வந்தாலும் வசூல் சதவீதம் போயிடும். கரண்டு பில், சம்பளம், பேங்க் வட்டி எல்லாம் கட்டடக்காரர் தலையில். அங்கே வாரக்காரர்தான் பெரிய மனுஷன்!

தாஜே இதைச் சூடுபட்டுத்தான் கத்துக்கிட்டது. 2000-களில் வெளிநாட்டில் பெரிய பெரிய கட்டடமாக வாங்கத் தொடங்கினாங்க. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு பழம்பெரும் ஓட்டலை 17 கோடி டாலருக்கு வாங்கி, 2007-ல் 'தாஜ் பாஸ்டன்'னு பேர் மாத்தினாங்க. 2016-ல் அதை வித்தது 12.5 கோடி டாலருக்கு. கௌரவத்துக்கு வாங்கி, கைநஷ்டத்துக்கு வித்த கதை. 2017 கடைசியில் புனீத் சத்வால் தலைமைக்கு வந்தார். 'இனிமே சொந்தமா வெச்சுக்கிறதைக் குறைச்சு, நடத்திக் கொடுக்கிறதைக் கூட்டுவோம்'னு 2018-ல் திட்டம் போட்டார். அடுத்து கொரோனா. 2020-21-ல் கம்பெனிக்கு 720 கோடி ரூபாய் நஷ்டம். ரூம் காலியா இருந்தா சமைச்சாவது விக்கலாம்னு 'க்யூமின்' பேரில் வீட்டுக்கே சாப்பாடு அனுப்பினாங்க. 2022-23-ல் லாபம் ஆயிரம் கோடியைத் தொட்டுடுச்சு.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, எக்ஸலில் நம்ம கணக்கையும் போட்டுக்கிட்டு, மாமா முன்னாடி போய் நின்னேன். வைவாவுக்குக்கூட இப்படி ரெடி ஆனதில்லை!

"மாமா, ராத்திரி விக்காத ரூம் விக்காத தக்காளியைவிட மோசம். தக்காளி மறுநாள் பாதி விலைக்காவது போகும். நேத்து ராத்திரி ரூமை இன்னிக்கு யாருக்கும் விக்க முடியாது. முகூர்த்த நாள், பங்குனிப் பொங்கல், திருச்சுழி கோயிலுக்கு வர்ற கூட்டம்னு சில நாள் நிறையும். ஆடி மாசம் என்ன பண்ணுவீங்க? ரூம் காலியா இருந்தாலும் லோன் வட்டிக்கு ஆடி, ஆவணி தெரியாது. தாஜே கட்டடத்தைக் குறைச்சுக்குது. நீங்க நிலத்தை வித்துக் கட்டடம் கட்டுறேங்கிறீங்க. வேணாம் மாமா."

அம்மாச்சி என்னைப் பார்த்த பார்வையில் கோல்டு மெடலே குத்தியிருந்தாங்க.

மாமா கோபப்படலை. பொறுமையா ஒரு கேள்வி கேட்டார்.

"தாஜ்னு போர்டு வெச்சா ஆள் வருவான். அதனால கட்டடம் வெச்சிருக்கிறவன் கூப்பிட்டுக் கொடுக்கிறான். என் பேரை போர்டுல எழுதினா எவன் வருவான்? அவன்கிட்ட நூத்தி இருபது வருஷப் பேரு இருக்கும்மா. என்கிட்ட இருக்கிறது ரெண்டு ஏக்கர்தானே?"

கப்சிப். என் எக்ஸல் ஷீட்டில் அதுக்கு ஒரு காலமே இல்லை.

யோசிச்சுப் பாருங்க. அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஜாம்ஷெட்ஜியும் முதல்ல கைக்காசைப் போட்டுக் கல்லும் மண்ணுமாகத்தான் கட்டினார். அந்த ஒரு கட்டடத்தில் எழுபது வருஷம் சம்பாதிச்ச பேரைத்தான் பிறகு வாடகைக்கு விட்டாங்க. 'சொத்து இல்லாமலே தொழில்'னு கிளாஸில் சொல்றாங்களே, அது ஏற்கெனவே பேர் இருக்கிறவங்களுக்கான பாடம். அதை எடுத்துட்டு வந்து மாமா தலையில் கட்டப் பார்த்த எனக்கு, கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்தது.

அப்ப பேர் எங்கிருந்து வருது? அன்னிக்கு ராத்திரி மறுபடியும் படிச்சேன். 2008 நவம்பர் 26, மும்பைத் தாக்குதல். தப்பிச்சு ஓட வழி தெரிஞ்ச தாஜ் ஊழியர்கள் பலர் ஓடாமல் நின்னு, விருந்தாளிகளை முதலில் வெளியேத்தினாங்க. அதில் உயிரையே விட்டவங்களும் உண்டு. இது எப்படிச் சாத்தியம்னு ஆராய்ஞ்சு, 2011-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் ஒரு கட்டுரையே வந்தது. அதில் ஒரு விஷயம் என்னை நிமிர்ந்து உட்கார வெச்சது. தாஜ் தன் முன்வரிசை ஊழியர்களைப் பெரிய நகரங்களைவிடச் சின்ன ஊர்களில் இருந்து எடுக்கத்தான் விரும்புதாம். சென்னைக்குப் பதிலா திருச்சி, கோயம்புத்தூர்! மரியாதை, விருந்தோம்பல் எல்லாம் அங்கே இன்னும் வீட்டிலேயே கத்துக்குறாங்கன்னு அவங்க கணக்கு. ஊர்ப் பேரைச் சொல்லக் கூச்சப்பட்டு இன்டர்வியூவில் 'நியர் மதுரை'னு சொல்றோமே, நம்மளைத்தான் சொல்றாங்க மக்களே!

தாஜோட பேர் அந்த மாதிரி ஆட்களால் வந்தது. அப்படி ஒரு ஆள் எங்க வீட்டுத் திண்ணையிலேயே பாய் விரிச்சுப் படுத்திருக்கார்!

காலையில் மாமாகிட்ட போனேன். "மாமா, உங்ககிட்ட இருக்கிறது ரெண்டு ஏக்கர் மட்டும் இல்லை. பதினாலு வருஷமும் இருக்கு. முதல்ல அதை வெச்சுப் பேர் வாங்கலாம். டவுன்ல ஓடாமக் கிடக்கிற பழைய லாட்ஜ் ஏதாவது இருக்கா?"

மாமா கொஞ்ச நேரம் வேப்பமரத்தையே பார்த்தார். அப்புறம் சிரிச்சார். "நிலத்தை வாரத்துக்கு விடத் தெரிஞ்ச நமக்கு, லாட்ஜை வாரத்துக்கு எடுக்கத் தெரியாதாக்கும்!"

அலைஞ்சு திரிஞ்சு ஒன்பது ரூம் உள்ள ஒரு பழைய லாட்ஜைப் பிடிச்சாச்சு. சொந்தக்காரர் பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். அவருக்குக் கதவு திறந்திருந்தா போதும். மூணு வருஷ ஒப்பந்தம். நிலையான வாடகை கிடையாது, வசூலில் பங்கு. ஆடி மாசம் வசூல் குறைஞ்சா ரெண்டு பேருக்கும் குறையும். இந்த ஒரு வரிக்காக மாமா நாலு தடவை டீ வாங்கிக் கொடுத்துப் பேசினார். பெரிய கம்பெனி மாதிரி கட்டடக்காரர் தலையில் எல்லாத்தையும் கட்டவும் இல்லை, எங்க ஊர் வாரக்காரர் மாதிரி மொத்த அடியையும் தானே வாங்கிக்கவும் இல்லை. மாமா துபாய் சேமிப்பில் போட்ட முதலீடு வெள்ளையடிப்பு, புது மெத்தை, பாத்ரூம் குழாய். அவ்வளவுதான்.

பேரு வருமா? தெரியாது. மூணு வருஷம் கழிச்சு மாமா சொந்தமாக் கட்டத்தான் போறார்னா, அப்ப நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். பிளான் நானே போட்டுத் தர்றதா வாக்கு குடுத்திருக்கேன். ஃபீஸ் உண்டு. ரெண்டு ஏக்கரில் இந்த வருஷம் குதிரைவாலி போட்டிருக்கு. மழை வந்தா அம்மாச்சி பொங்கிப் போடுவாங்க.

அருப்புக்கோட்டைப் பக்கம் வந்தா ஒரு ராத்திரி தங்கிட்டுப் போங்க. பெட்ஷீட்டில் ஒரே ஒரு சுருக்கம் இருந்தாலும் என்கிட்ட கம்ப்ளெய்ன்ட் பண்ணலாம். ஆனா சால்னா வேணும்னா மட்டும் எதிர்க் கடைதான். ஏன்னா அது ஓட்டல், இது லாட்ஜ்!