தரகர் கேட்ட இரு கேள்விகள்

தந்தையார் 1964-இல் கட்டிய வீட்டை விற்றுவிடுவது என்று உடன்பிறந்தார் நாங்கள் மூவரும் 2018-இல் முடிவு செய்தபோது, அதன் மதிப்பைப்பற்றி எங்களுக்குப் பெரிய எண்ணமே இருந்தது. பாளையங்கோட்டையில் பள்ளிகளும் கல்லூரிகளும் சூழ்ந்த பகுதி; 6 சென்ட் மனை; வற்றாத கிணறு; தேக்குமரக் கதவுகள்; சித்திரை வெயிலிலும் குளிர்ந்திருக்கும் பட்டாசல். இவற்றையெல்லாம் வரிசையாக எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டிருந்த தரகர், குறிப்பேட்டைத் திறந்து இரண்டே கேள்விகள் கேட்டார்.

“படுக்கையறை எத்தனை? குளியலறை எத்தனை?”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்த வீட்டில் படுக்கையறை என்று பெயர் பெற்ற அறை ஒன்றுகூட இருந்ததில்லை. தார்சா, பட்டாசல், அரங்கு, அப்பாவின் அறை, அடுக்களை என்றே சொல்லிப் பழகியிருந்தோம். இரவானால் பட்டாசலில் வரிசையாகப் பாய் விரியும், விருந்தினர் வந்தால் இன்னும் இரண்டு பாய் விரியும், அவ்வளவுதான். குளிப்பது கிணற்றடியில் எழுப்பிய மறைப்புக்குள். கழிப்பறையோ புறவாசலின் கோடியில், முப்பதடி தள்ளி.

“படுக்கையறை ஒன்று, குளியலறை வெளியே ஒன்று” என்று எழுதிக்கொண்டார் தரகர். “அப்படியென்றால் மனை விலைக்குத்தான் கேட்பார்கள், ஐயா. கட்டடத்தைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.”

அதன் பொருள் எங்களுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. வாங்குபவர் வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார் என்பதே அது. பழைய வீடுகளின் விற்பனையில், அறைகளின் எண்ணிக்கை விலையை மட்டும் கூட்டிக் குறைப்பதில்லை. வீடு நிற்குமா, வீழுமா என்பதையே பலமுறை அதுதான் முடிவு செய்கிறது.

இக்காலத்தில் வீடு தேடுவோர், பார்க்கப் புறப்படுமுன்பே எண்ணிக்கையை வைத்துப் பட்டியலைச் சுருக்கிவிடுகின்றனர். பெற்றோருக்கு ஓர் அறை, பிள்ளைகளுக்கு ஓர் அறை, முதியோருக்கோ விருந்தினருக்கோ ஓர் அறை என்பது அவர்களது கணக்கு. இரண்டு பி.எச்.கே., மூன்று பி.எச்.கே. என்று விளம்பரங்களில் வரும் சுருக்கெழுத்துகள் படுக்கையறையையும் கூடத்தையும் சமையலறையையும் குறிக்கின்றன. குளியலறைக்கு அதில் ஓர் எழுத்தும் இல்லை. ஆயினும் நேரில் வந்தவர்கள் கூடத்தைக் கடந்ததும் தேடிய இடம் அதுதான் என்பதைப் பின்னர்க் கண்டோம்.

எண்ணிக்கைதானே வேண்டும், கூட்டிவிடுவோம் என்று நாங்கள் துணிந்தோம். பட்டாசலின் நடுவே ஒட்டுப்பலகைத் தடுப்புகளை நிறுத்தி, 8 அடிக்கு 9 அடியில் இரண்டு அறைகள் செய்வித்தோம். இனி மூன்று படுக்கையறை வீடு என்று தரகரிடம் பெருமையோடு அறிவித்தோம். கூட்டம் வரவே செய்தது. ஆனால் வந்தவர் ஒவ்வொருவரும் தடுப்பை விரலால் தட்டிப் பார்த்தார். ஓர் அறைக்குச் சன்னலே இல்லை. நண்பகலிலும் விளக்கு வேண்டியிருந்தது. கட்டிலைப் போட்டால் அலமாரிக்கு இடமில்லை. வீட்டுக்கு அழகாயிருந்த பட்டாசலோ நடைவழியாகச் சுருங்கிப்போயிற்று. மூன்று மாதத்தில் ஒருவரும் இரண்டாம் முறை வரவில்லை.

எங்கள் பிழை எதுவென்று பின்னர் அறிந்தோம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வீட்டின் முதன்மையான வாழறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையலாகாது என்கிறது. அது ஏறத்தாழ 102 சதுர அடி. இரண்டாவது அறைக்குக்கூட 7.5 சதுர மீட்டர் வேண்டும். நாங்கள் தடுத்த அறை 72 சதுர அடி, அதையும் எட்டவில்லை. வங்கிக் கடனில் வாங்குவோரிடம் வங்கியார் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேட்பர். அதில் இல்லாத அறையைக் காட்டி விலை சொல்ல இயலாது. அறைகளைப் பெயருக்குப் பெருக்குவதால் வீடு பெருகுவதில்லை.

தடுப்புகளைப் பிரிக்க வந்த முதிய கொத்தனார், தந்தையார் காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் வேலை செய்தவர். வேலை முடிந்து கிணற்றடியில் கைகழுவியபடி அவர் சொன்னார்: “அறையைக் கூட்டினது போதும், அண்ணாச்சி. அரங்கைக் காலி செய்து சன்னல் வையுங்கள். அது இரண்டாவது அறையாகட்டும். ஐயா அறையை ஒட்டியிருக்கும் சந்தில் குளியலறை ஒன்று கட்டுங்கள். ஆள் தானாக வரும்.”

அவர் சொன்ன நியாயம் எளியது. நான்கு அறைகளுக்கு ஒரே குளியலறை உள்ள வீட்டைவிட, இரண்டு அறைகளுக்கு இரண்டு குளியலறை உள்ள வீட்டில் குடும்பம் நடத்துவது இலகு. படுக்கையறையைப் பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்வர். காலை ஏழு மணிக்குக் குளியலறையைப் பங்கிட இயலாது. கிறிஸ்துமஸ் அன்று மூன்று குடும்பங்களும் கூடியபோது புறவாசலில் வாளியோடு வரிசையில் நின்ற எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாநகராட்சியில் அனுமதி பெற்று, 4 அடி அகலமும் 8 அடி நீளமுமாக அந்தக் குளியலறையைக் கட்டினோம். கழிப்பறையும் சேர்ந்த குளியலறைக்கு விதித்தொகுப்பு கேட்கும் 2.8 சதுர மீட்டருக்கு அது சற்றே மிகுதி. உட்கார்ந்தெழ வசதியாக மேனாட்டுப் பாணிக் கழிப்பிடம் வைத்தோம். வழுக்காத ஓடுகள் பதித்தோம். சுவரில் கைப்பிடி பொருத்தினோம். செலவு ஒன்றே முக்கால் இலட்சம் ரூபாய். வேலை 24 நாளில் முடிந்தது.

முடிந்த அன்று மாலை நாங்கள் மூவரும் அதன் வாயிலில் நின்று பார்த்தோம். யாரும் மகிழ்ச்சியாக இல்லை. மூவர் நெஞ்சிலும் ஒரே நினைவுதான் இருந்தது.

2009-இல் மேல்தளத்தைச் செப்பனிட்டபோது, “உள்ளேயே ஒரு கழிப்பறை இருந்தால் நல்லது” என்று அம்மா ஒருமுறை சொன்னார்கள். அப்பா மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பாவின் அறையில் அம்மா தனியே இருந்தார்கள். அடுத்த ஆண்டு பார்ப்போம் என்றோம். கழிப்பறை வீட்டோடு இருக்கலாகாது என்ற பழைய எண்ணமும் எங்களைவிட்டுப் போகவில்லை. வளாகத்துக்குள் ஒன்று இருப்பதே பெரிது என்றும் கருதினோம்; 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வளாகத்துக்குள் கழிப்பறை உள்ள குடும்பங்கள் நாட்டில் 46.9 விழுக்காடுதான் என்று செய்தித்தாளில் படித்தது அந்த மனநிறைவை உறுதிப்படுத்தியது. அம்மா மறுமுறை கேட்கவில்லை. நாங்களும் மறுமுறை பேசவில்லை.

2013 கார்த்திகை மழையில் ஓரிரவு, விளக்கைப் போட்டுவிட்டுப் புறவாசலைக் கடந்த அம்மா பாசியில் வழுக்கி விழுந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் அந்த வீட்டில் அவர்கள் இருக்கவில்லை. சகோதரியின் வீட்டில் ஒன்றரை ஆண்டு படுத்திருந்து, 2015-இல் கண்மூடினார்கள்.

24 நாள் வேலை. நான்கு ஆண்டுகள் தள்ளிப்போட்டோம். பெற்றவருக்காகக் கட்டாததை, முகமறியாத ஒருவர் வாங்கவேண்டும் என்பதற்காக விரைந்து கட்டினோம்.

வீடு 2019 தொடக்கத்தில் விலைபோயிற்று. அதுவரை மனைக்கு மட்டுமே விலை பேசியவர்களின் தொகையைவிடக் குளியலறைச் செலவும் அதற்கு மேலும் கிடைத்தது. வாங்கியவர் ஓர் ஆசிரியர். இடிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. முன்பணம் கொடுக்குமுன் தம் முதிய தாயாரை அழைத்துவந்தார். அந்த அம்மையார் தேக்குக் கதவையும் பார்க்கவில்லை, கிணற்றையும் பார்க்கவில்லை. நேரே குளியலறைக்குச் சென்று, கைப்பிடியைப் பற்றி ஒருமுறை உட்கார்ந்து எழுந்தார். குழாயைத் திறந்து மூடினார். தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தார்.

“தண்ணீர் பட்டால் வழுக்குமா, தம்பி?”

“வழுக்காது அம்மா” என்றோம். அதற்குமேல் எங்களால் பேச இயலவில்லை. சகோதரி கிணற்றடிப் பக்கம் போய்விட்டாள்.

வீட்டை விற்க எண்ணும் குடும்பங்களுக்கு நாங்கள் கற்ற பாடத்தைச் சொல்லிவிடுகிறோம். படுக்கையறைகளின் எண்ணிக்கை ஆள்களை வரவழைக்கும். ஆனால் காற்றும் வெளிச்சமும் இல்லாத அறை எண்ணிக்கையில் சேராது. கூடத்தை வெட்டி அறை செய்யாதீர்கள். கையில் உள்ள பணம் ஒரு வேலைக்கே போதுமென்றால், தரைத்தளத்தில், படுக்கையறையிலிருந்து படியிறங்காமல் சென்றடையும் குளியலறைக்குச் செலவிடுங்கள். எதைச் செய்தாலும் அனுமதி பெற்றுச் செய்யுங்கள்.

இன்னொன்றும் உண்டு. இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு புறவாசலைக் கடக்கும் முதியவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், வீட்டை விற்கும் நாள்வரை காத்திராதீர்கள்.