நீளுகிற கண்

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் வீரபாண்டி இருக்கிறது. பார்வை இழந்த பாண்டிய மன்னன் ஒருவனுக்கு அங்கே கௌமாரியம்மன் ஒரு கண்ணையும், கண்ணீசுவரமுடையார் மற்றொரு கண்ணையும் தந்தார்கள் என்பது ஸ்தலபுராணம். எங்கள் பள்ளத்தாக்கில் கண்ணைப் பற்றிய கவலை அவ்வளவு பழையது. 1985-இல் தேனிக்கு அரவிந்த் கண் மருத்துவமனை வந்த பிறகு கிழவர்களின் கண்புரைக் கவலை பெரிதும் தீர்ந்தது. இப்போது கவலை குழந்தைகள் பக்கம் திரும்பியிருக்கிறது.

என் பேத்திக்கு ஒன்பது வயது. கரும்பலகை தெரியவில்லை என்று ஏழு வயதிலேயே கண்ணாடி போட்டோம். வருஷா வருஷம் பவர் ஏறி, இப்போது மைனஸ் மூன்று. கண்ணாடி போட்டதனால்தான் ஏறுகிறது என்பது அவள் அப்பத்தாவின் கட்சி. கண்ணாடி பாவம், நிரபராதி. கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் விழி முன்பின்னாக நீண்டுவிடுவதுதான். ஒரு மில்லிமீட்டர் நீண்டால் பவர் இரண்டரை, மூன்று என்று ஏறிவிடும். சாதாரணக் கண்ணாடி பிம்பத்தைச் சரியான இடத்தில் விழச் செய்யும். விழி நீளுவதைத் தடுக்காது. மிகவும் நீண்டால் விழித்திரை மெலிந்து, பிற்காலத்தில் கிழியவோ விலகவோ கூடும். பயம் அதற்குத்தான்.

இதற்கென்றே ஒரு தினுசு காண்டாக்ட் லென்ஸ் வந்திருக்கிறது. 'மைசைட்' என்ற லென்ஸுக்கு அமெரிக்க அரசு 2019-இல் அனுமதி கொடுத்தது. எட்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையில் போட ஆரம்பிக்க வேண்டும். நடுவில் தூரத்தைப் பார்ப்பதற்கான பவர். சுற்றிலும் வளையம் வளையமாகப் பவர் மாறுகிறது. நடுப்பகுதியால் குழந்தை தெளிவாகப் பார்க்கிறது. சில வளையங்களின் வழியே வரும் ஒளியோ விழித்திரைக்கு முன்னாலேயே குவிகிறது. இனி நீள வேண்டாம் என்று விழிக்கு அது ஒரு ஜாடை. மூன்று வருஷச் சோதனையில் பவர் ஏறும் வேகம் 59 சதவீதம் குறைந்தது. வேகம்தான் குறைந்தது, ஏறிய பவர் இறங்கவில்லை.

தினம் ஒரு ஜோடி, இரவில் கழற்றி எறிந்துவிட வேண்டும். என் மகன் வருஷக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தான். அட்ரோபின் சொட்டு மருந்து என்று வேறொரு வழியும் இருக்கிறது. காசில்லாத வழி, வெயில். தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் வெளியே அனுப்பப் பாடுபடுகிறார்கள். கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போட அது நல்ல உபாயம். வந்த பிறகு அவ்வளவு பலன் இல்லை. எங்கள் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? டியூஷன்தான் விடுவதில்லை.

லென்ஸில் தண்ணீர் படக்கூடாது; தண்ணீரில் உள்ள அமீபா கருவிழியையே கெடுத்துவிடும்.

"அப்ப சுருளி அருவியில குளிக்கக் கூடாதா, தாத்தா?"

"கழற்றி வச்சிட்டுக் குளிக்கலாம்மா."

"கழற்றினா அருவி மங்கலாத் தெரியுமே!"

இதற்கு என்ன பதில் சொல்வது? அடுத்த மாதம் மதுரைக்குப் போய் மருத்துவரிடம் கேட்பதாக ஏற்பாடு. அதற்குள் சோப்புப் போட்டுக் கை கழுவப் பழகிக்கொண்டிருக்கிறாள். அப்பத்தாவுக்குச் சோப்புச் செலவே பெரிய செலவாகத் தெரிகிறது.