மருமகனுக்கு நான்தான் மேக்கப்மேன்!

எங்க அக்கா பையனுக்கு அஞ்சு வயசு. தோல் ரொம்ப சென்சிடிவ். மதுரை வெயில்ல கொஞ்ச நேரம் நின்னாலே சிவந்து, அரிச்சு, சொறிஞ்சு புண்ணாக்கிடுவான். "வெளியவே விடாதீங்க"ன்னு சொந்தக்காரங்க தீர்ப்பு சொல்லிட்டாங்க. கிரிக்கெட்டுன்னா உயிரை விடுற பையனை எப்படிங்க பூட்டி வைக்கிறது?

தோல் டாக்டர்தான் வழி சொன்னார். காலை 10 முதல் மாலை 4 மணி வரை நிழல். மத்த நேரம் முழுக்கை காட்டன் சட்டை, அகலத் தொப்பி. மூடாத இடத்துக்கு மட்டும் வாசனை சேர்க்காத, ஜிங்க் ஆக்சைடு கலந்த, எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன். அதையும் எடுத்ததுமே முகத்துல பூசக் கூடாது. முழங்கையோட உட்பக்கம் துளி தடவி, சில நாள் பார்க்கணும். அரிப்பு இல்லேன்னா ஓ.கே. வெளிய இருந்தா 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூசணும். இந்த டியூட்டி மாமாவான என்னோடது!

"ஆம்பளப் பையனுக்கு எதுக்குடா ஃபேர்னஸ் கிரீம்?"னு நக்கல் வேற. பாஸ், அவன் கறுத்தா எங்களுக்கு ஒண்ணுமில்ல. புண்ணாகக் கூடாது, அவ்வளவுதான்!

ஜிங்க் முகத்துல வெள்ளையா தெரியும். "ஏய், பேய் வருது"ன்னு தெருப் பசங்க கத்தினாங்க. பையன் அசரவே இல்ல. "பேய்க்குத்தான் முதல் பேட்டிங்!"