உராய்வு கேட்டால்தான் கொடுக்கும்

வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் பேரனோ பேத்தியோ இருந்தால், கீழே உள்ள கணக்கை ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். ஃபார்முலாவைத் தூக்கத்திலும் சொல்லக்கூடிய பிள்ளைகள்தான் இதில் அதிகம் சறுக்குவார்கள்.

சிமென்ட் தரையில் 50 கிலோ அரிசி மூட்டை ஒன்று கிடக்கிறது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5, இயக்க உராய்வுக் குணகம் 0.4. மூட்டையைப் பக்கவாட்டில் 100 நியூட்டன் விசையால் தள்ளுகிறோம். உராய்வு விசை எவ்வளவு?

புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால் மூட்டையின் எடை 500 நியூட்டன். தரை அதைத் தாங்கும் செங்குத்து விசையும் 500. பிள்ளைகள் உடனே 0.5-ஆல் பெருக்கி 250 நியூட்டன் என்று எழுதிவிடுவார்கள். சரி, நிகர விசையைப் பார்ப்போம். நாம் தள்ளுவது 100, எதிர்ப்பக்கம் 250. மிச்சம் 150 நியூட்டன் நம்மை நோக்கி! அப்படியானால் தள்ளத் தள்ள மூட்டை நம் மேலேயே வந்து ஏற வேண்டும். நம்மூர் அரிசி ஆலைகளில் லோடு ஏற்றுகிறவர்களைக் கேளுங்கள். அப்படியொரு மூட்டையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரியான விடை 100 நியூட்டன். மூட்டை நகரவில்லை, ஆகவே நிகர விசை பூச்சியம். நாம் 60 தள்ளினால் உராய்வு 60, நாம் 200 தள்ளினால் உராய்வு 200. பெருக்கி வந்த 250 என்பது உராய்வு அதிகபட்சம் கொடுக்கக்கூடியது. பழைய புத்தகங்களில் அதற்கு 'எல்லை உராய்வு' என்று பெயர். எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும். எல்லை என்ற சொல்லிலேயே விஷயம் இருக்கிறது.

வேலையில் இருந்த காலத்தில் ஒரு வருடம் இதே கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். முதல் பெஞ்சு முழுக்க 250. கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பையன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பான். வாயே திறக்க மாட்டான். அன்றைக்கு எழுந்து, "மூட்டை நவுரலியே சார். அப்ப நாம எவ்ளோ தள்றமோ அவ்ளோதான் அதுவும் தள்ளும்" என்றான். மரவள்ளி மூட்டையைத் தள்ளிப் பழகிய கை அது. அன்று முதல் எந்தக் கணக்கிலும் "பொருள் நகருகிறதா, இல்லையா?" என்ற கேள்வியை முதலில் கேட்க வைத்தேன். எண்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதே மூட்டையை 300 நியூட்டனில் தள்ளினால்? 250 என்ற எல்லை தாண்டிவிட்டது, மூட்டை நகரும். நகர்ந்த பிறகு இயக்க உராய்வு, அதாவது 0.4 × 500 = 200. நிகர விசை 100. அதை 50 கிலோவால் வகுத்தால் முடுக்கம் 2. நகர்த்தும் வரைதான் கஷ்டம், நகர்ந்துவிட்டால் சுலபம் என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இதுதான்.

இன்னொன்று. உராய்வு எப்போதும் நம்மைத் தடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கரும்பு வண்டி இழுக்கும் மாட்டை நினைத்துப் பாருங்கள். அதன் குளம்பு தரையைப் பின்னால் உந்துகிறது. தரையின் உராய்வு மாட்டை முன்னால் தள்ளுகிறது. அது இல்லாத சேற்றில் எவ்வளவு வலுவான மாடும் நின்ற இடத்தில்தான் நிற்கும். அங்கே வைக்கோலையோ சரளையையோ போட்ட நம் வண்டிக்காரர்கள் கூட்டியது இந்த எல்லையைத்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் மலைப் பாதை. பெரியார் நீர்வீழ்ச்சி, மேகம் நீர்வீழ்ச்சி என்று விடுமுறை நாளில் நம் பிள்ளைகள் பைக்கில் வெள்ளிமலை போகிறார்கள். திரும்பும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறார்கள். வண்டியை நிறுத்துவதும் டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுதான். அதற்கும் எல்லை உண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேகம் 40 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 11 மீட்டர். காய்ந்த தாருக்குக் குணகம் 0.7, நனைந்த தாருக்கு 0.35 என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். சமதளத்தில் காய்ந்த சாலை என்றால் பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 9 மீட்டரில் வண்டி நிற்கும். பத்துக்கு ஒன்று இறங்கும் சரிவில், எடையின் பத்தில் ஒரு பங்கு வண்டியைக் கீழே இழுக்கிறது. மழையும் சேர்ந்தால் 0.35-லிருந்து 0.1 கழிந்து 0.25-தான் நமக்கு மிச்சம். நிற்க 25 மீட்டர் ஆகும். எதிரே வருவதைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆனால் அதற்கு இன்னொரு 11 மீட்டர். மொத்தம் 36. கொண்டை ஊசி வளைவில் அவ்வளவு தூரம் கண்ணுக்கே தெரியாது.

பின்னால் ஆள் உட்கார்ந்தால் பிடிப்பு கூடும் என்று வாதம் செய்வார்கள். கூடும்தான். ஆனால் நிறுத்த வேண்டிய நிறையும், கீழே இழுக்கும் விசையும் அதே விகிதத்தில் கூடுகின்றன. கணக்கில் நிறை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். பதற்றத்தில் பிரேக்கை அழுத்திச் சக்கரம் உருளாமல் வழுக்கினால் இன்னும் மோசம். மூட்டைக்கு 250 எப்படி 200 ஆனதோ, அப்படி டயரின் பிடிப்பும் குறைந்துவிடும். திருப்பினாலும் வண்டி திரும்பாது.

ஆகவே ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். என்ஜினே பாதி பிரேக் வேலையைச் செய்யும், பிரேக்கும் சூடேறாது. மழை என்றால் வேகத்தை 20-ஆகக் குறைக்கச் சொல்லுங்கள். வேகம் பாதியானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கில் ஒரு பங்கு, 25 மீட்டர் 6 ஆகிவிடும். நாம் "மெதுவா போப்பா" என்றால் பிள்ளைகள் காதில் ஏறாது. ஒரு தாளைக் கொடுத்து அவர்களையே இந்தக் கணக்கைப் போட வையுங்கள். அவர்கள் கையால் வந்த விடையை அவர்கள் நம்புவார்கள்.