பழைய மோட்டாரும் அதன் பெயர்த்தகடும்

கற்பிட்டியில் பழைய மோட்டார் வண்டி வைத்திருப்பவன் இருபுறத்து உப்போடும் போராட வேண்டும். மேற்கே இந்து சமுத்திரம். கிழக்கே புத்தளக் களப்பு. இடையில் ஒடுங்கிக் கிடக்கும் இக்குடாநாட்டில் இரும்பென்று பெயர்படைத்த எதுவும் நெடுநாள் தாங்குவதில்லை. 1667க்கும் 1676க்கும் இடையில் ஒல்லாந்தர் எழுப்பிய கோட்டை இன்றும் நிற்கிறதென்றால், அது கல். என் வண்டியோ மொரிஸ் மைனர்.

ஆசிரியராயிருந்த என் தகப்பனார் அதனை 1957இல் யாழ்ப்பாணத்தில் இரண்டாங் கையாக வாங்கினார். இலக்கத்தகட்டில் 'ஈ. எல்.' என்னும் ஆங்கில எழுத்துகள். மறு ஆண்டின் தொடக்கத்தில் புதிய வண்டிகளுக்குச் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. வடக்கே அவ்வெழுத்தைத் தார்பூசி அழித்தனர். தெற்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினர். ஏப்பிரலில் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் கலவரம். தகட்டிலுள்ள ஓரெழுத்து எவ்வளவு தூரம் செல்லுமென்பதை அக்காலத்துப் பழைய மாணவர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வண்டி முன்னரே பதிவானதால் 'ஈ. எல்.' ஆகவே இருந்துவிட்டது.

ஆயினும் நான் எழுத வந்தது வெளித்தகட்டைப் பற்றியன்று. எஞ்சின் மூடியைத் திறந்தால் உட்சுவரில் அறையப்பட்டிருக்கும் சிறு தகட்டைப் பற்றியே. சில ஆண்டுகளுக்கு முன் வண்டியை முற்றாகப் பழுதுபார்க்கக் கொடுத்தபோது, கராஜ்காரத் தம்பி அதனை விரலாற் சுரண்டிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், இது பழசாப் போச்சு. புதுசு ஒண்டு அடிச்சுப் போடுவமா?" என்று கேட்டார். நல்ல மனத்துடன்தான் கேட்டார். வேண்டாமென்று தடுத்துவிட்டேன்.

காரணம் உண்டு. அலெக் இசிகோனிஸ் வகுத்து 1948இல் வெளிவந்த மைனர், ஏறத்தாழ 16 இலட்சம் செய்யப்பட்டது. அதன் உறுப்புகளை இன்றும் வாங்கலாம். 1990களில் இலங்கையிலேயே அதற்கான தகர உறுப்புகளை அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினர். பிறந்த நாட்டுக்கே உறுப்பு ஏற்றுமதி! என் வண்டியிலும் மட்காப்பு, தளம், கதவின் அடிப்பகுதி யாவும் மாறிவிட்டன. எல்லாம் மாறிய பின் இது அதே வண்டிதான் என்று சொல்ல எஞ்சியிருப்பது அத்தகடு ஒன்றே.

அது பேசவும் செய்யும். எங்கள் தகட்டில் இலக்கத்துக்கு முன் 'எப்', 'பி', 'ஈ', பின்னர் 2 என்று தொடங்கும் எண். மைனர், இருகதவு, பச்சை, வலப்புறச் சுக்கானுடன் ஏற்றுமதிக்கானது என்பது அதன் பொருள். பச்சை! நாங்கள் அறிந்த நாள்முதல் அது கறுப்பு வண்டி.

1981இல் பணிநிமித்தம் இங்கு வந்தபோது வண்டியையும் கொண்டுவந்தேன். 1995இல் வலிகாமத்தை விட்டு எம்மவர் வெளியேறியபோது வீட்டிலிருந்த பத்திரங்கள் யாவும் போயின. பதிவுப் புத்தகமும் அவற்றோடு போயிற்று. பிரதிக்கு விண்ணப்பித்தபோது அலுவலர் வேறெதையும் கேட்கவில்லை. மூடியைத் திறக்கச் சொல்லித் தகட்டின் இலக்கத்தைத் தம் பதிவேட்டோடு ஒப்பிட்டார். அன்று அங்கே பளபளக்கும் புதுத்தகடு இருந்திருப்பின் என்ன சொல்லியிருப்பேன்?

ஆதலால் வண்டி திருத்தும் அன்பர்கட்குச் சில சொற்கள். கழற்றுமுன் தகட்டைப் படம்பிடியுங்கள். தாளை வைத்துப் பென்சிலால் உரசிப் படியும் எடுங்கள். மணல் வீசித் துருவகற்றும்போதும் பெயின்ற் அடிக்கும்போதும் அது வண்டியில் இருத்தலாகாது. ஆணித்தலையை மெல்ல அராவி எடுங்கள். உளியால் நெம்பினால் தகடு வளையும். சவர்க்கார நீரும் மென்துணியும் போதும். மெருகேற்றும் பசை எழுத்தைத் தின்றுவிடும். தகட்டுக்குப் பின்னே உப்பீரம் தங்கித் துரு அங்கேதான் தொடங்குமாதலால், சுவரை நன்கு காத்த பின்னரே மீண்டும் பொருத்துக. எழுத்து மங்கியிருந்தால் மங்கியே இருக்கட்டும்.

என்ன நிறம் பூசுவதென்று வீட்டில் வழக்கு எழுந்தது. தொழிற்சாலை நிறமே சரியென்பர் ஆய்வாளர். நான் கறுப்பே பூசுவித்தேன். தகப்பனார் ஓட்டியது அதைத்தான். அதற்கேற்பத் தகட்டை மாற்றவில்லை. விடுமுறைக்கு வந்த அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டி, குனிந்து, எழுத்து எழுத்தாக வாசித்தார். "அப்ப, எங்களுக்கு வித்தவன் கறுப்பு அடிச்செல்லோ தந்திருக்கிறான்!" என்றார்.