வெளிர் நீல ஸ்வெட்டர்

திருச்சி
ஜனவரி 19

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய குரல் செய்தியை நானும் பெரியம்மாவும் இரண்டு முறை போட்டுக் கேட்டோம். பெரியம்மா பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்குப் போயிருக்கிறாய். கூட வேலை செய்கிற பெண், "ட்யூக்குக்குள் இந்த நிறமா? முதலில் கழற்று" என்றாளாம். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். அவள் விளையாட்டுக்குச் சொன்னாளா, மெய்யாகவே சொன்னாளா என்று உனக்குப் பிடிபடவில்லை. "பத்து மைலில் இருக்கிற இன்னொரு காலேஜை ஏன் பெரியப்பா இப்படி வெறுக்கிறார்கள்?" என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற கதையில்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிறத்தைப் பெரியம்மா தற்செயலாக எடுக்கவில்லை. 1990 முதல் ஆறு வருடம் நாங்கள் அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலத்தில் சேப்பல் ஹில் பக்கம் குடியிருந்தோம். அந்த வெளிர் நீலம் அங்கே வீட்டு வாசலிலும் காரிலும் குழந்தையின் தொப்பியிலும் இருக்கும். ஊரின் பல்கலைக்கழகத்தை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், கரோலினா என்றுதான் சொல்வார்கள். பெரியம்மாவுக்கு அந்த நீலம் அயல்நாட்டில் கிடைத்த முதல் சிநேகிதத்தின் நிறம். உனக்கு அதைப் பின்னும்போது நீ சேர்ந்திருப்பது ட்யூக் என்பது அவள் மனதில் ஓடவே இல்லை.

நீ வேலை செய்கிற ட்யூக் ஆதியில் டிரினிட்டி என்ற சிறிய கல்லூரி. 1892ல் அதை டர்ஹமுக்குக் கொண்டுவந்தார்கள். வாஷிங்டன் ட்யூக் என்ற புகையிலை முதலாளியின் பணம் துணைக்கு வந்தது. 1896ல் அவர் மேலும் ஒரு லட்சம் டாலர் கொடுத்தபோது, பெண்களையும் ஆண்களுக்குச் சமமாகச் சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். 1924ல் அவர் மகன் ஜேம்ஸ் ட்யூக் நான்கு கோடி டாலரில் ஓர் அறக்கட்டளை அமைத்தார். கல்லூரி பல்கலைக்கழகமாகி அந்தக் குடும்பத்தின் பெயரை ஏற்றது. நீ தினமும் பார்க்கிற கல்கட்டடங்களும் தேவாலயக் கோபுரமும் அதற்குப் பிறகு எழுந்தவை.

கரோலினாவோ மாநில அரசுக்குச் சொந்தம். 1789ல் சாசனம் பெற்று 1795ல் கதவு திறந்தது. மாநிலத்துப் பிள்ளைகளுக்கே அதில் முதலிடம், வெளியூர்ப் பிள்ளைகளுக்கு நெடுங்காலமாக 18 சதவீத வரம்பு உண்டு. ட்யூக்கிலோ பெரும்பாலானவர்கள் வெளி மாநிலத்தவர். அதனால் அங்குள்ள ஒரு விவசாயிக்கும் பள்ளிக்கூட ஆசிரியைக்கும் கரோலினா 'நம்ம பள்ளிக்கூடம்', ட்யூக் 'வெளியூர்ப் பணக்காரர்கள் வந்து தங்கிவிட்டுப் போகிற இடம்'. ட்யூக் பக்கம் கேட்டால், உழைத்து மேலே வந்தவர்களைக் கண்டு பழைய ஊர்க்காரர்கள் பொறாமைப்படுகிறார்கள் என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மேலே பந்து துள்ளினாலும், அடியில் ஓடுவது யார் மண்ணின் பிள்ளை என்ற இந்த வழக்குதான்.

இரண்டு அணிகளும் கூடைப்பந்தில் முதலில் மோதியது 1920 ஜனவரி 24 அன்று. அப்போது ட்யூக் இன்னும் டிரினிட்டிதான். 36க்கு 25 என்று கரோலினா ஜெயித்தது. அந்த நாளில் அது பெரிய விஷயமாக இருந்திருக்காது. ஊரே பித்துப் பிடித்தது 1957ல். பயிற்சியாளர் ஃபிராங்க் மெக்வயர் நியூயார்க் பையன்களைத் திரட்டி வந்து ஓர் அணி கட்டினார். அந்த அணி 32 ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. இறுதி ஆட்டத்தில் எதிரே கன்சாஸ், அதில் வில்ட் சேம்பர்லேன். மூன்று கூடுதல் நேரம் ஆடி 54க்கு 53 என்று கரோலினா பட்டம் வென்றது. அந்த மாநிலத்தில் தொலைக்காட்சியும் கூடைப்பந்தும் ஒன்றாக வீட்டுக்குள் வந்தன என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அடுத்த கசப்பு ஒரு பையனால் வந்தது. ஆர்ட் ஹேமன் கரோலினாவுக்கு வருவதாக ஒப்புக்கொண்டு, பிறகு மனம் மாறி ட்யூக்கில் சேர்ந்தான். 1961 பிப்ரவரி 4 அன்று டர்ஹமில் அவனுக்கும் கரோலினாவின் லாரி பிரவுனுக்கும் களத்தில் கைகலப்பு. இரண்டு பக்கமும் ஆட்கள் இறங்க, போலீஸ் வந்து விலக்க வேண்டியிருந்தது. அந்த வருடமே கரோலினாவுக்கு டீன் ஸ்மித் பயிற்சியாளரானார். 36 வருடம் இருந்து 879 ஆட்டங்கள் ஜெயித்தார். ட்யூக்குக்கு 1980ல் மைக் ஷெஷெஃப்ஸ்கி வந்தார். 42 வருடத்தில் ஐந்து தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். பக்கத்துப் பக்கத்து ஊரில் இப்படி இரண்டு பேர், ஒரே காய்கறிச் சந்தைக்குப் போகிற ஜனம். திங்கட்கிழமை காலை தோற்ற அணிக்காரர் ஜெயித்த அணிக்காரரின் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். தூரத்து ஊர் அணியிடம் தோற்றால் ஒரு நாள் வலிக்கும், பக்கத்து வீட்டுக்காரரிடம் தோற்றால் அடுத்த ஆட்டம் வரை வலிக்கும்.

நானே பார்த்ததைச் சொல்கிறேன். 1992 பிப்ரவரி 5. ட்யூக் அதுவரை தோல்வியே காணாத முதல் இட அணி. சேப்பல் ஹில்லில் ஆட்டம். கரோலினாவின் எரிக் மான்ட்ராஸ் ஏழடி உயரப் பையன். முகத்தில் அடிபட்டு ரத்தம் கன்னத்தில் வழிய வழிய நின்று ஆடினான். 75க்கு 73, கரோலினாவுக்கு வெற்றி. அன்றிரவு ஃபிராங்க்ளின் தெருவில் இறங்கிய கூட்டத்தைப் பார்த்தபோது ஸ்ரீரங்கத்துத் தேர் வடம் பிடிக்கிற நாள்தான் ஞாபகம் வந்தது.

1995 பிப்ரவரி 2 ஆட்டத்தை எங்கள் வீட்டுக்கார அம்மாவின் கூடத்தில் பார்த்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியை, பிறவிக் கரோலினாக்காரர். ட்யூக்குக்கு அது கெட்ட வருடம். பயிற்சியாளர் உடம்பு சரியில்லாமல் விடுப்பில் இருந்தார், தங்கள் பிரிவில் ஆடிய ஏழு ஆட்டங்களிலும் தோல்வி. ஆனாலும் அன்று விடவில்லை. முதல் கூடுதல் நேரம் முடிகிற நொடியில் ஜெஃப் கேப்பல் பாதிக் களத்திலிருந்து எறிந்த பந்து நேராகக் கூடைக்குள் விழுந்து ஆட்டம் சமனானது. ட்யூக்கின் கேமரன் அரங்கமே ஆடியது. கடைசியில் கரோலினாதான் 102க்கு 100 என்று வென்றது. மறுநாள் காலை வேலியோரம் அந்தம்மா பெரியம்மாவிடம் பேசியது தன் அணியின் வெற்றியைப் பற்றியல்ல. கேப்பலின் பந்தைப் பற்றித்தான் பேசினார். "அந்தப் பையன்!" என்று சொல்லி மார்பில் கை வைத்துக்கொண்டார். தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

எல்லாம் இப்படி அழகாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். நாங்கள் போவதற்கு முன், 1984 ஜனவரியில், கேமரனில் ட்யூக் மாணவர்கள் வேறொரு எதிரணி ஆட்டக்காரரை மிகக் கேவலமாகக் கத்தி, பொருள்களை எறிந்து அவமானப்படுத்தினார்கள். அப்போது ட்யூக்கின் தலைவர் டெர்ரி சான்ஃபோர்டு. மாநில ஆளுநராக இருந்தவர், அதைவிட முக்கியம், கரோலினாவில் படித்தவர். அவர் யாரையும் தண்டிக்கவில்லை. மாணவர்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் எழுதினார். ஆபாசம் வேண்டாம், புத்தியைக் காட்டுங்கள், கண்ணியத்தோடு எதிரியைக் கலங்கடியுங்கள் என்பது அதன் சாரம். கீழே 'மாமா டெர்ரி' என்று கையெழுத்துப் போட்டிருந்தார். அடுத்து வந்தது கரோலினாவுடன் ஆட்டம். மாணவர்கள் தலையில் தேவதைகளின் ஒளிவட்டம் மாட்டிக்கொண்டு வந்தார்கள். டீன் ஸ்மித்துக்கு வரவேற்புப் பலகை பிடித்தார்கள். நடுவர் தவறாக ஊதினால், தங்களுக்கு அதில் உடன்பாடில்லை என்று பணிவாக ஒரே குரலில் சொன்னார்கள். மாமா எழுதிய கடிதத்தை இளையவர்கள் கேட்டுக்கொண்டார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். இந்தக் கடிதத்தை எழுதுகிற தைரியமும் அதனால்தான் வந்தது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், பாப்பா. மெய்யான வெறுப்பு எது என்று கேட்டால் நான் உன்னை 1944க்குக் கூட்டிப்போவேன். உன் டர்ஹமிலேயே அன்று இன்னொரு கல்லூரி இருந்தது, கறுப்பின மாணவர்களுக்கான நார்த் கரோலினா கல்லூரி. இன்று அது நார்த் கரோலினா மத்தியப் பல்கலைக்கழகம். அதன் பயிற்சியாளர் ஜான் மெக்லெண்டன். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடமே கன்சாஸில் பாடம் கேட்டவர், ஆனால் கறுப்பர் என்பதால் அந்தப் பல்கலைக்கழக அணியில் ஆட விடப்படாதவர். அவருடைய பையன்கள் பிரமாதமாக ஆடினார்கள். டர்ஹமின் மறுபக்கம் ட்யூக் மருத்துவக் கல்லூரி அணியும் பெயர் எடுத்திருந்தது. யார் பெரியவர் என்று ஆடிப் பார்க்க முடியாது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே களத்தில் இறங்குவதை அந்த மாநிலத்தின் இனப்பிரிவினை விடவில்லை.

மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. ஊர் தேவாலயத்தில் இருந்த நேரம். ட்யூக் பையன்கள் சுற்று வழியில் காரில் வந்து, முகத்தை மறைத்துக்கொண்டு கல்லூரியின் சின்ன உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். கதவைப் பூட்டினார்கள். ஆடினார்கள். மெக்லெண்டனின் அணி 88க்கு 44 என்று ஜெயித்தது. பிறகு அவர்கள் செய்ததுதான் என்னை நெகிழவைக்கிறது. இரண்டு அணிகளையும் கலந்து, வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பக்கம் நின்று இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். வெளியே தெரிந்தால் உயிருக்கே ஆபத்து. ஐம்பது வருடத்துக்கு மேல் அது ரகசியமாகவே இருந்தது. 1996ல்தான் ஒரு வரலாற்றாசிரியர் எழுதி உலகம் அறிந்தது. அந்த வருடம்தான் நாங்கள் ஊர் திரும்பினோம். ஆறு வருடம் அந்தத் தெருக்களில் நடந்திருக்கிறேன், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

யோசித்துப் பார். அந்தக் காலத்தில் ட்யூக்கும் கரோலினாவும் ஒன்றையொன்று எதிரி என்று கத்திக்கொண்டிருந்தன. ஆனால் இரண்டும் கறுப்பின மாணவருக்கு ஒரே மாதிரி கதவை அடைத்து வைத்திருந்தன. ட்யூக்கில் இளநிலைப் படிப்புக்குக் கறுப்பின மாணவர்கள் நுழைந்ததே 1963ல். கரோலினாவில் டீன் ஸ்மித் சார்லி ஸ்காட்டை அழைத்து வந்தபோது, உதவித்தொகையோடு ஆடவந்த முதல் கறுப்பின வீரர் அவர். பகை என்பது அந்தப் பூட்டிய கதவு. களத்தில் எதிரே நிற்கிறவரை நாம் வெறுப்பதாகச் சொல்லலாம், ஆனால் அவரோடு ஆட ஒப்புக்கொண்டிருக்கிறோம். நமக்குச் சமம் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறோம். ஆட்டத்துக்கே தகுதியில்லை என்று ஒருவரைத் தள்ளி வைப்பதுதான் வெறுப்பு.

2015 பிப்ரவரியில் டீன் ஸ்மித் காலமானார். பதினோரு நாள் கழித்துக் கேமரனில் ட்யூக்கும் கரோலினாவும் மோத வேண்டும். ஆட்டத்துக்கு முன் இரண்டு அணி ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் நடுக்களத்தில் ஒரே வட்டமாக மண்டியிட்டுத் தோளோடு தோள் சேர்த்து இருந்தார்கள். ட்யூக்கின் நீலமும் கரோலினாவின் நீலமும் கலந்திருந்த அந்தப் படத்தைப் பெரியம்மா வெட்டி வைத்திருக்கிறாள். பிறகு எழுந்து, கூடுதல் நேரம் வரை விடாமல் ஆடி, 92க்கு 90 என்று ட்யூக் ஜெயித்தது. 2022ல் ஷெஷெஃப்ஸ்கியின் கடைசி உள்ளூர் ஆட்டத்தில் அவரைத் தோற்கடித்தது கரோலினா. நான்கு வாரம் கழித்து நியூ ஆர்லியன்ஸில் தேசிய அரையிறுதியில் 81க்கு 77 என்று அவர் பயிற்சி வாழ்வையே முடித்து வைத்ததும் கரோலினாதான். பக்கத்து வீட்டுக்காரர் கையால் முடிந்ததில் ஒரு பொருத்தம் இருந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதனால் ஸ்வெட்டரை மடித்துப் பெட்டியில் வைத்துவிடாதே. அந்தப் பெண் சிரித்தபடி சொன்னால் நீயும் சிரித்துப் பதில் சொல். என் பெரியம்மா அந்த ஊர்க்காரி என்று சொல். ஆனால் யாராவது ஒருவரின் நிறத்தையோ பேச்சையோ பிறந்த இடத்தையோ சொல்லிக் கேலி செய்தால் அங்கே சிரிக்காதே. அது ஆட்டத்தில் சேர்ந்ததில்லை.

இரண்டு பள்ளிக்கும் பொதுவாக ராபர்ட்சன் என்ற திட்டம் இருக்கிறது. அந்தத் திட்டத்து மாணவர்கள் இரண்டு பள்ளியிலும் படிக்கிறார்கள். நீயும் ஒரு சனிக்கிழமை பேருந்தில் ஏறி சேப்பல் ஹில் போய்ப் பழைய கிணற்றடியில் நின்று பெரியம்மாவுக்கு ஒரு படம் அனுப்பு. இன்னொரு நாள் மெக்லெண்டனின் கல்லூரிக்கும் போய் வா. அது உன் அறையிலிருந்து இன்னும் பக்கம்.

கரோலினாவோடு ஆட்டம் வருகிற இரவு நீ எந்த நீலத்தில் உட்கார்ந்தாலும் சரி. அங்கே மாலை ஆறு மணிக்கு ஆட்டம் என்றால் இங்கே விடிகாலை நாலரை. பெரியம்மா இப்போதே அலாரம் வைத்துப் பழகுகிறாள்.

அன்புடன்,
பெரியப்பா