திங்கட்கிழமை தர்பார்

ரூரிடேனியாவுக்கு எந்த ஸ்டேஷனிலும் டிக்கெட் கொடுக்க மாட்டார்கள். ஆண்டனி ஹோப் என்ற ஆங்கில வக்கீல் 1894-ஆம் வருஷம் எழுதிய 'ஜெண்டாவின் கைதி' என்ற நாவலில் மட்டுமே இருக்கும் ராஜ்யம் அது. அந்த ராஜ்யத்து ராஜாவைப் போலவே அச்சாக இருக்கும் ஓர் ஆங்கிலேயன் அங்கே போகிறான். ராஜா ஆபத்தில் சிக்கிக்கொள்ளவே, இவன் தலையில் கிரீடம் ஏறுகிறது. ராஜகுமாரி இவனிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள். கடைசியில் கடமைக்காகக் காதலைத் தியாகம் செய்து இருவரும் பிரிகிறார்கள். புத்தகம் நல்ல விலை போனதும் ஹோப் வக்கீல் தொழிலுக்கே முழுக்குப் போட்டுவிட்டார்.

இரட்டை ராஜாக் கதைகள் நம்மவர்களுக்கும் புதியவை அல்ல. 1940-இல் வெளிவந்த 'உத்தமபுத்திரன்' படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேஷம் போட்டு நடித்தார். 1958-இல் எம். ஜி. ஆர். எடுத்த 'நாடோடி மன்ன'னில் ரத்தினபுரி என்று ஒரு ராஜ்யம். அதன் ராஜாவுக்குப் பெயர் மார்த்தாண்டன். அவனைப் போலவே இருக்கும் நாடோடி ஒருவன் சிம்மாசனத்தில் ஏறி ஏழைகளுக்காகச் சட்டம் போடுகிறான். கொட்டகையில் அந்த இடத்தில் எழுந்த கரகோஷத்தைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் சொல்லுகிறார்கள்.

சின்னப்பாவின் பெயருக்கு முன்னால் நிற்கும் 'பி' என்ற எழுத்து புதுக்கோட்டையைக் குறிப்பது. கதையில் ராஜாவாக நடித்தவர் நிஜமான ஒரு குட்டி ராஜ்யத்தின் பிரஜை! அந்த ராஜ்யத்துக்கு டிக்கெட் தாராளமாகக் கிடைக்கிறது. திருச்சியில் பஸ் ஏறினால் தெற்கே முப்பத்து மூன்று மைல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் புறப்பட்டோம். அந்த ஊரிலேயே பிறந்து, சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது தெருக்களின் நேர்த்தி. பழைய ஊர்களில் தெரு என்றால் ஒன்று கோயிலைச் சுற்றும். இல்லாவிட்டால் மாடு போன வழியில் வளைந்து போகும். இங்கே நூல் பிடித்தாற்போல் நேராக ஓடி, ஒன்றையொன்று சரிகோணத்தில் வெட்டிக்கொள்கிறது. இது சேஷய்ய சாஸ்திரியாரின் கைவேலை. திருவாங்கூரில் திவானாக இருந்துவிட்டு 1878-இல் இங்கே வந்தவர், 1894 வரையில் ஊரையே திருப்பிக் கட்டினார். தெருக்களை நேராக்கினார், குளங்களைச் சீர்திருத்தினார், கச்சேரிக் கட்டிடங்களை எழுப்பினார். "நேராக இல்லாத எதுவும் அவருக்குப் பிடிக்காது" என்றார் நண்பர். சற்று நிறுத்தி, "குறுக்கே நின்ற வீட்டுக்காரனுக்கு அவரைப் பிடித்திருக்குமா என்பது வேறு விஷயம்" என்றும் சொன்னார்.

ராஜ்யத்தின் வயது அப்படியொன்றும் அதிகமில்லை. 1686-இல் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி, தாம் மணந்துகொண்ட காதலி நாச்சியாரின் சகோதரர் ரகுநாதத் தொண்டைமானுக்கு இந்தச் சீமையை அளித்தார் என்பது சரித்திரம். மைத்துனன் உறவில் முளைத்த ராஜ்யம்! ஆலங்குடி, குளத்தூர், திருமயம் என்று மூன்று தாலுகாக்கள். பரப்பு 1,200 சதுர மைலுக்குச் சற்றுக் குறைவு. கடைசிக் காலத்தில் ஜனத்தொகை நாலு லட்சத்துக்கு மேல்.

திருக்கோகர்ணத்துக்குப் போனோம். பாறையைக் குடைந்து எடுத்த கோயில். கோகர்ணேசுவரரின் சந்நிதி இருந்தாலும், ராஜ்யத்துக்கு எஜமானி பிரகதாம்பாள்தான். ராஜாக்கள் தங்களைப் 'பிரகதாம்பாள் தாஸ்' என்றே சொல்லிக்கொண்டார்கள். 1738-ஆம் வருஷத்தில் திருவரங்குளத்துக் காட்டில் சதாசிவப் பிரம்மேந்திரரைத் தொண்டைமான் தரிசித்ததாகவும், மௌனவிரதத்தில் இருந்த அந்த மகான் மணலில் விரலால் உபதேசம் எழுதிக் காட்டியதாகவும் ஐதிகம். ராஜா அந்த மணலை அப்படியே அள்ளி வந்து அரண்மனையில் வைத்துப் பூஜித்தாராம். மற்ற ராஜ்யங்களில் அரண்மனைப் பெட்டிக்குள் வைரமும் வைடூரியமும் இருக்கும்; இங்கே பிடி மணல்! கதை எழுதிய ஆங்கில வக்கீலுக்கு இது தோன்றியிராது.

கோயிலுக்கு அருகிலேயே 1910-இல் தொடங்கிய மியூஸியம் இருக்கிறது. நாம் அங்கே முக்கியமாகத் தேடிப் பார்த்தது அம்மன் காசை. விரல் நகத்தளவே உள்ள செப்புக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள். மறு பக்கம் 'விஜய' என்று தெலுங்கு எழுத்து. இருபது அம்மன் காசு சேர்ந்தால் ஓர் அணா. முந்நூற்று இருபது சேர்ந்தால் ஒரு ரூபாய். நவராத்திரியில் அரிசியோடு இந்தக் காசையும் தானம் கொடுப்பார்கள். வெள்ளைக்காரனுடைய ரூபாய் நாடெங்கும் கொடி கட்டிப் பறந்த காலத்திலும் இந்தச் செப்புக் காசு இங்கே செலாவணியில் இருந்தது. அதைப் பார்க்கும்போது நெஞ்சில் சிறிது பெருமிதம் எழத்தான் செய்கிறது.

அந்தப் பெருமிதத்தோடு வெளியே வந்த நாம், "கட்டபொம்மன் விஷயம் என்ன?" என்று கேட்டுவிட்டோம். நண்பரின் முகம் சுண்டிவிட்டது. இந்த ஊர்க்காரரை எங்கே கண்டாலும் கேட்கப்படும் கேள்வி அது. 1799-இல் பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தப்பி வந்த கட்டபொம்மன் தொண்டைமான் சீமைக் காட்டில் பிடிபட்டார், கும்பினியாரிடம் ஒப்படைக்கப்பட்டார், அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். "கும்பினியோடு செய்திருந்த உடன்படிக்கை அப்படி. ஒப்படைக்காவிட்டால் பாஞ்சாலங்குறிச்சியைப் போல் இந்த ஊரும் தரைமட்டமாகியிருக்கும். அப்புறம் நீங்கள் பார்ப்பதற்கு மியூஸியம் ஏது?" என்றார் நண்பர். வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நியாயத்தை ஒப்புக்கொண்ட பிறகும் மனம் சமாதானம் அடைய மறுக்கிறது.

கும்பினியாரின் நன்றியறிதலுக்கும் ஒரு சான்று உண்டு. தொண்டைமான்கள் செய்த உதவிகளுக்காக 1803-இல் கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் கொடுத்தார்கள். அதற்குக் கப்பம் வருஷத்துக்கு ஒரு யானை! அந்த யானையை யாரும் கேட்டு வாங்கவில்லை. 1836-இல் அதையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முப்பத்து மூன்று வருஷம் காகிதத்திலேயே நின்ற யானையை நினைத்து நாமும் நண்பரும் வாய்விட்டுச் சிரித்தோம். கட்டபொம்மனால் ஏற்பட்ட கசப்பு அதில் கொஞ்சம் தணிந்தது.

நிஜமான ராஜா மார்த்தாண்டனின் வரலாறு சினிமா மார்த்தாண்டனுடையதை விட விசித்திரமானது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1886-இல் சிறு பையனாகப் பட்டத்துக்கு வந்தார். அவர் காலத்தில் ஊர்ப் பெண் ஒருத்தி மகாராஜா கல்லூரியில் சேர்ந்து படிக்க விரும்பினாள். பையன்கள் படிக்கும் இடத்தில் பெண்ணா என்று ஆட்சேபம் கிளம்பியது. ராஜா 'படிக்கட்டும்' என்றார். அவ்வளவுதான், ஆட்சேபம் அடங்கியது. அந்தப் பெண்தான் முத்துலட்சுமி ரெட்டி. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், 1912-இல் டாக்டரானார், 1927-இல் சென்னைச் சட்டசபையில் அங்கம் பெற்றார், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். குட்டி ராஜ்யத்தின் சௌகரியம் இதுதான். கமிட்டி இல்லை, கமிஷன் இல்லை. ஒரே மனிதர் ஒரே வார்த்தை சொன்னால் கதவு திறந்துவிடும். அவர் 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தாலும் அதுவும் ஒரே வார்த்தைதான் என்பதை நினைக்கும்போதுதான் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இந்த ராஜா 1915-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போனவர், மெல்போர்னில் மாலி ஃபிங்க் என்ற வெள்ளைக்காரப் பெண்மணியை மணந்துகொண்டார். நாவலில் கடமைக்காகக் காதலை விட்டார்கள்; இங்கே ராஜா காதலை விடவில்லை. ஆங்கில சர்க்கார் அந்த அம்மையாரை ராணியாக அங்கீகரிக்க மறுத்தது. 1916-இல் பிறந்த மகனையும் வாரிசாக ஒப்புக்கொள்ளவில்லை. கறுப்பு ராஜாவின் பக்கத்தில் வெள்ளைக்கார ராணி உட்காருவதா என்ற ஆத்திரந்தான் காரணம், மற்றவையெல்லாம் சாக்கு. மணமான பிறகு ராஜாவின் வாழ்நாளில் பெரும் பகுதி வெளிநாட்டிலேயே கழிந்தது. 1922 முதல் அவருடைய சகோதரர் ஸ்தானத்திலிருந்து ராஜ்யத்தை நிர்வகித்தார். 1928-இல் ராஜா பாரிஸில் காலமானார். லண்டனில் தகனம் நடந்தது. அரண்மனையில் ஆறு வயதுப் பாலகர் ராஜகோபாலத் தொண்டைமான் பட்டத்துக்கு வந்தார்.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் ஒன்று ராஜாவின் காதலை மெச்சுகிறார்கள். அல்லது ராஜ்யத்தை விட்டுப் போனாரே என்று குறை சொல்லுகிறார்கள். ராஜாவுக்கும் ஆங்கில சர்க்காருக்கும் நடந்த வழக்கில் குளத்தூர்க் குடியானவனை யாரும் சாட்சிக்குக்கூடக் கூப்பிடவில்லை. ராஜா இருக்கலாமா, போகலாமா, யார் வாரிசு, வரியை யார் வசூலிப்பது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாமலே தீர்மானமாயிற்று. இத்தனைக்கும், தேச விடுதலைக்காகச் சிங்கம் போல் கர்ஜித்த தீரர் சத்தியமூர்த்தி பிறந்தது இந்தச் சமஸ்தானத்துத் திருமயத்தில்தான். படித்ததும் மகாராஜா கல்லூரியில்தான்.

குட்டி ராஜ்யம் என்றாலே இப்படித்தான் என்று சொல்வதற்கில்லை. ஐரோப்பாவில் ஸ்விட்ஜர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே லீக்டன்ஸ்டைன் என்று ஒரு ராஜ்யம் இருக்கிறது. 160 சதுர கிலோமீட்டர். புதுக்கோட்டைச் சீமைக்குள் பத்தொன்பது லீக்டன்ஸ்டைன்களை அடக்கிவிடலாம். சக்கரவர்த்தியின் சபையில் ஆசனம் வேண்டும் என்பதற்காகவே ஒரு பிரபு குடும்பம் 1699-இலும் 1712-இலும் இரண்டு துண்டாக விலைக்கு வாங்கிய நிலம் அது. வாங்கினார்களே தவிர, நூறு வருஷத்துக்கு மேல் ஆளும் பிரபு ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 1938-இலிருந்துதான் பிரபு அங்கேயே குடியிருக்கிறார். அப்படிப்பட்ட ராஜ்யத்தில் 2003-ஆம் வருஷத்து அரசியல் சட்டப்படி, ராஜரீகமே வேண்டாம் என்று குடிகள் தீர்மானம் கொண்டுவரலாம். 2012-இல் பிரபுவின் அதிகாரத்தைக் குறைக்கலாமா என்று வாக்கெடுத்தார்கள். நூற்றுக்கு எழுபத்தாறு பேர் குறைக்க வேண்டாம் என்றார்கள். அவர்கள் செய்தது புத்திசாலித்தனமா என்பது அவர்கள் பாடு. கேட்டார்கள், சொன்னார்கள்.

புதுக்கோட்டை 1948-ஆம் வருஷம் மார்ச் 3-ஆம் தேதி சென்னை மாகாணத்தோடு இணைந்தது. ராஜகோபாலத் தொண்டைமானுக்கு அப்போது வயது இருபத்தைந்து. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. இருநூற்று அறுபத்திரண்டு வருஷத்து ராஜ்யம் ஒரு கையெழுத்தில் முடிந்தது. குளத்தூர்க் குடியானவன் தன் இஷ்டத்தைச் சொல்லும் நாள் 1952-இல் பொதுத் தேர்தலோடு வந்தது. புதுக்கோட்டை என்ற பெயரிலேயே ஒரு பாராளுமன்றத் தொகுதியும் இருந்தது.

"இருந்தது என்று சொல்லுங்கள்!" என்றார் நண்பர் சூடாக. 2009-ஆம் வருஷத் தேர்தலுக்கு முன் தொகுதிகளைத் திருத்தி அமைத்தபோது, புதுக்கோட்டைத் தொகுதி மறைந்துவிட்டது. ஒரு பகுதி திருச்சியோடு, ஒரு பகுதி சிவகங்கையோடு, ஒரு பகுதி ராமநாதபுரத்தோடு, ஒரு பகுதி கரூரோடு. "தனிக் காசு அடித்த ஊருக்கு டில்லியில் தனிப் பெயர் இல்லை. ஒரு துண்டு ராமநாதபுரத்துக்குப் போய்விட்டது, பார்த்தீர்களா?" என்றார். ராஜாவைப் பற்றியும் திவானைப் பற்றியும் பேசியபோது வராத கோபம் அப்போதுதான் அவருக்கு வந்தது. நமக்கு அது பிடித்திருந்தது.

மறுநாள் காலையில் அரண்மனையைப் பார்க்கப் போனோம். 1974-ஆம் வருஷம் ஜனவரி 14-ஆம் தேதி புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. புது அரண்மனையில் இப்போது மாவட்டக் கலெக்டர் ஆபீஸ் நடக்கிறது. அன்று திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள். வளைவுகளுக்கும் தூண்களுக்கும் கீழே ஜனங்கள் மனுவும் கையுமாக வரிசையில் நின்றார்கள். மரநிழலில் ஒருவர் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, கேட்பவர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம், "எந்த ஊர், அம்மா? எதற்காக வந்தீர்கள்?" என்று கேட்டோம்.

"குளத்தூர்ப் பக்கம், தம்பி. மனைக்குப் பட்டா கேட்டு வந்தேன். எங்க மாமனார் ராஜா காலத்திலேருந்து குடியிருந்த மனை."

"இதுதான் ராஜாவின் அரண்மனை, தெரியுமா?"

"தெரியாம என்ன? அப்ப எங்க மாமனார் இந்தக் கேட்டு வரைக்கும்தான் வருவாராம்." அம்மையார் பையிலிருந்து காகிதக் கட்டை எடுத்துக் காட்டினார். "இது நாலாவது மனு, தம்பி. இன்னைக்கும் ஆகலேன்னா அடுத்த திங்கக்கிழமை வருவேன்."

அதற்குள் உள்ளேயிருந்து ஒரு சிப்பந்தி வந்து எண்ணைக் கூப்பிட்டார். அம்மையார் புடவையை உதறிக்கொண்டு எழுந்து, விறுவிறுவென்று படியேறி உள்ளே போனார்.